ஐந்தாம் நம்பர்

இஸ்ரவேல் சாரின் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கம் யாருக்காவது விண்ணப்பம் எழுத வேண்டுமென்றால் நேரே அவன் வீட்டுக்குத்தான் வருவார்கள். அந்தக் கையால்தான் அவன் அதை எழுதித் தொலைத்தான்.

தங்கை ஜெபகனிக்கு மார்த்தாண்டத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. கொண்டுவந்தவர் தரகர் சத்தியராஜ்.

"மாப்பிள இலங்கையில தேயிலத் தோட்டத்துல கிளார்க்காக்கும் சாரே. லீவு பதினஞ்சு நாளுதான். பொண்ணு பாக்கது, முடிவு பண்ணுதது எல்லாம் தாயிதான். குடும்ப போட்டோ ஒண்ணு கேக்காவ. பின்னால ஒருத்தர் விடாம பேரெழுதணுமாம். சீக்கு உள்ள குடும்பமான்னு பாப்பாவ."

வீட்டில் இருந்தது ஒரே ஒரு குடும்பப் படம். ஆறு வருஷத்துக்கு முன்னால், நாற்பத்தேழில், சபையில் உபதேசியாராக இருந்த அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று எடுத்தது. சத்தியராஜ் அதைச் சுவரிலிருந்து இறக்கி, வலது ஓரத்தில் நின்ற பெண்ணின் முகத்தில் விரலை வைத்தார். உதட்டோரம் தொடங்கி தாடை வரை அவளுக்கு வெளுத்திருந்தது.

"இது ஆருன்னு கேட்டா என்ன சொல்லட்டு? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்னு சும்மாவா சொன்னாவ?" என்றவர், வெற்றிலை துப்பப் போகிற சாக்கில் முற்றத்துக்குப் போய்விட்டார்.

அது அக்கா ஞானபாய். அம்மா இறந்தபோது அவளுக்குப் பதிமூன்று வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தம்பியையும் தங்கையையும் வளர்த்தாள். மிஷனுக்கு லேஸ் பின்னிக் கொடுத்து, கண்ணெரிய உட்கார்ந்து பின்னித்தான், இஸ்ரவேலை வாத்தியாராக்கினாள். வெண்குஷ்டம் ஒட்டுகிற நோய் அல்ல என்று மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னால் ஊர் கேட்குமா? படம் எடுத்த அன்றைக்கே அவள் வர மாட்டேன் என்றுதான் அடுக்களைக்குள் நின்றாள். "ஒளிச்சு வைக்கதுக்கு நீ என்ன களவாண்ட பொருளா? வா மக்களே" என்று அப்பாதான் கையைப் பிடித்து இழுத்து வந்தார். இப்போது அவரும் இல்லை.

இஸ்ரவேல் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தான். ஒன்று, தகப்பனார். இரண்டு, சித்தப்பா. மூன்று, சித்தி. நான்கு, இஸ்ரவேல். ஐந்தில் பென்சில் நின்றது. ஆறு ஜெபகனி என்று எழுதிவிட்டு மறுபடி ஐந்துக்கு வந்தான். தங்கைக்கு வயது பத்தொன்பது, இதற்கு முன் இரண்டு இடம் அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் தட்டிப்போயிற்று. கடைசியில் 'வீட்டு வேலைக்கு நிற்கும் பெண்' என்று எழுதினான். சண்டாளன், எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை.

அடுத்த வாரம் சத்தியராஜ் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்தார். "காரியம் பழுத்தாச்சு சாரே! வேலைக்காரியையும் கூட நிறுத்திப் போட்டோ எடுத்த குடும்பம்னா மனசு உள்ளவங்களாக்கும், அங்கதான் பொண்ணெடுக்கணும்னு அந்த அம்மை ஒரே பிடியா நிக்காவ. சனிக்கிழமை வாறாவ. போட்டோவ வீட்டுல அக்காட்ட குடுத்திட்டேன்."

அக்காவுக்குப் படிக்கத் தெரியும், தினமும் வேதம் வாசிக்கிறவள். இஸ்ரவேல் வீட்டுக்கு ஓடினான். படம் பழைய ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஞானபாய் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் எடுத்து வைத்தாள். திருப்பிப் பார்த்திருக்க மாட்டாள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு ஒரு கிழங்கை வாயில் போட்டான்.

சனிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். செவ்வாயும் போயிற்று, வியாழனும் போயிற்று. கோழைக்கு நாளைக்கு என்கிற சொல்லைவிட நல்ல துணை ஏது?

சனிக்கிழமை மாப்பிள்ளையின் தாய் செல்லபாய் தன் தம்பியோடு வந்து இறங்கினாள். வெள்ளந்தியான மனுஷி. வந்து உட்கார்ந்ததுமே ஜெபகனியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, கன்னத்தைத் தடவி, பிடித்துப் போயிற்று என்று வாய்விட்டுச் சொன்னாள். ஜெபகனி தலை நிமிராமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்போதுதான் அடுக்களை வாசலில் ஞானபாய் தெரிந்தாள். பெட்டியில் நல்ல சேலை இருக்க, சாயம் போன பழைய சேலையை உடுத்தியிருந்தாள்.

"சாரே, காப்பி எடுக்கட்டா?" என்றாள்.

மக்கா என்று தவிர அவனை ஒரு நாளும் வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை அவள். படத்தின் பின்பக்கத்தை அவள் படித்திருக்கிறாள்.

"இவதானா அந்த அஞ்சாம் நம்பரு?" செல்லபாய் சிரித்தாள். "இங்க வா. எல்லாருக்க பேரையும் எழுதின சாரு உனக்க பேர மட்டும் எழுதல்ல பாத்தியா. உனக்க பேரென்னட்டி?"

"ஞானபாய்."

"நல்ல பேரு. சாரே, நான் ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கப்பிடாது. கல்யாணம் முடிஞ்சா இவளையும் புள்ளகூட அனுப்பித் தாருங்க. மவன் இலங்கைக்குக் கூட்டிட்டுப் போறது வரை அவளுக்கும் ஒரு துணை, எனக்கும் கையுதவி. முகத்து வெள்ள ஒட்டாது, ரத்த சொந்தத்துக்குத்தான் வரும்னு எனக்குத் தெரியும். என்ன சொல்லுதிய?"

"காப்பி ஆச்சான்னு பாத்திட்டு வாறேன்" என்று உளறிவிட்டு இஸ்ரவேல் அடுக்களைக்குள் நுழைந்தான். ஜெபகனி மூலையில் கண் சிவக்க உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாம் தெரியும்ணே," என்றாள். "வாயத் திறக்கப்பிடாதுன்னு அக்கா வேதத்துமேல கை வச்சு சத்தியம் வாங்கிட்டா. நீயாவது சொல்லு."

"நான் பாவி அக்கா," என்றான் இஸ்ரவேல். "இப்பமே போய்ச் சொல்லுதேன், நீ எனக்க அக்கான்னு."

ஞானபாய் டம்ளரில் காப்பியை ஊற்றிக்கொண்டிருந்தாள். "சொல்லு. நான் தடுக்கல்ல. சத்தியம் வாங்கினது அவகிட்ட, உன்கிட்ட இல்ல."

அவன் திரும்பி வாசல் வரை வந்தான். நிலைப்படியைப் பிடித்தான். இரண்டே எட்டு வைத்தால் செல்லபாய் முன்னால் நிற்கலாம். "நல்ல அடக்கமான புள்ள, தேடினாலும் கிடைக்காது" என்று அவள் தம்பியிடம் சொல்வது கேட்டது. இந்த இடமும் போனால் ஜெபகனிக்கு வேறு இடம் வருமா? சொன்னால் தங்கை போச்சு. சொல்லாவிட்டால் அக்கா போச்சு. நிலைப்படியை விடாமல் அங்கேயே நின்றான்.

ஞானபாய் தட்டோடு அவன் பின்னால் வந்து காத்து நின்றாள். நன்றாகவே காத்தாள். காப்பியின் ஆவி அடங்குகிற மட்டும் நின்றாள்.

"அங்கயாவது, ஆளில்லாத நேரத்துல ஜெபகனி என்ன அக்கான்னு கூப்பிடுவா," என்றாள் மெதுவாக. "வழிய விடு."

இஸ்ரவேல் விலகி நின்றான்.

அவள் முன்னறைக்குப் போனாள். டம்ளரை நீட்டுகிற சத்தம் கேட்டது. அதன்பிறகு அவள் குரல், தெளிவாக, அவன் காதில் விழ வேண்டும் என்றே சொன்னது போல.

"நான் வாறேன் அம்மா. சாருக்குச் சம்மதந்தான்."