மதியத் தூக்கத்தில் வந்த அண்ணன்

மதியம் ஆள் வராத நேரத்தில் சலூன்காரர் தன் சுழல் நாற்காலியிலேயே சாய்ந்து தூங்குவார். கொஞ்ச நாளாக அவருக்கு ஒரே கனவு. அண்ணன் வந்து கண்ணாடிக்கு முன்னால் உட்கார்கிறார். ஒரு பாழாய்ப்போன சுவர்த் தகராறில், "செத்தாலும் உன் கடைப் படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போன அதே அண்ணன்! அப்படியானால் இது கனவுதான் என்று அவருக்கு அங்கேயே புரிந்துவிடும். புரிந்ததும் சந்தோஷத்தில் தலைகால் தெரியாது. உடனே விழிப்புத் தட்டிவிடும்.

"கனவுக்குள்ளேயே இது கனவுன்னு தெரிஞ்சுக்கப் புதுசா பழகுறவங்க எல்லாருக்கும் இப்படித்தானாம்," என்றாள் மனைவி. போனில் அதைப் பற்றி எல்லாம் படித்துக் கரைத்துக் குடித்திருந்தாள். "கனவுன்னு தெரிஞ்சதும் குதிக்காதீங்க. அந்தக் கனவுலயே கைக்கு ஒரு வேலை குடுங்க. எதையாவது தொட்டுக்கிட்டே இருந்தா தூக்கம் கலையாதாம்."

"தூங்குறதுக்கும் பாடமா, தாயே!" என்று அவர் கும்பிட்டார்.

மறுநாளும் அண்ணன் வந்தார். தம்பி குதிக்கவில்லை. வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டு, சீப்பையும் கத்தரியையும் எடுத்தார். ஈர முடி விரலில் குளிர்ந்தது. பின்னந்தலையில் அந்த இரட்டைச் சுழி அப்படியே இருந்தது. வெட்டிய முடி தரையில் விழாமல், பஞ்சுபோல் கண்ணாடிக்குள் மிதந்து போனது. கனவு கலையவில்லை.

"முடிஞ்சுதாடா?" என்று அண்ணன் கண்ணை மூடியபடியே கேட்டார்.

வெட்ட வேண்டியதெல்லாம் எப்போதோ வெட்டியாயிற்று.

"இன்னும் கொஞ்சம் இருக்குண்ணே," என்ற தம்பி, அண்ணனின் காதோரத்தில் வெறும் காற்றை வெட்டிக்கொண்டே இருந்தார்.