படிக்கட்டுப் பக்கம்

உள்ளே படம் ஓடுகிற அந்தப் பெட்டிக் கண்ணாடியை டாக்டர் வைஷ்ணவி தன் தலையில் மாட்டும்போதே பிச்சமுத்து நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் தனியார் பஸ் ஓட்டிய மனுஷன் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கண்டு நடுங்கினார் என்றால் யார் நம்புவார்கள்? பயம் பெட்டியிடம் இல்லை. பக்கவாதம் வந்து நாலு மாசம். கையும் காலும் ஒருவழியாகத் திரும்பிவிட்டன. இன்றைக்கு இந்தத் தில்லைநகர் கிளினிக்கில் ‘ஓட்டலாம்’ என்று கடிதம் தந்தால்தான் திங்கட்கிழமை முதலாளி பஸ்ஸைக் கொடுப்பார்.

“ஆள் நின்னா பஸ்ஸை நிறுத்துங்க, குறுக்க வந்தா பிரேக் போடுங்க. அவ்வளவுதான் ஐயா” என்றாள் வைஷ்ணவி. கையில் ஒரு ஸ்டீயரிங்கையும் கொடுத்தாள்.

கண்ணாடிக்குள் ரோடு விரிந்தது. குறுக்கே மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருக்கும் பக்குவமாகப் பிரேக் போட்டார். ஸ்டாப்பில் ஒரு ஈ காக்காய் இல்லை. பெட்டியைக் கழற்றியதும் அவருக்கு உயிர் வந்தது.

“பச்சப்புள்ளகூட ஓட்டிடும்மா இத. கடிதத்த எழுதிக் குடுங்க.”

வைஷ்ணவி எழுதவில்லை. அவர் ஓட்டியதையே டிவியில் மறுபடி போட்டாள். டிவியின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு ரிப்பன் ஒட்டியிருந்தது. “அந்த ரிப்பன் தெரியறவரைக்கும் கழுத்தத் திருப்புங்க ஐயா.”

திருப்பினார். ஸ்டாப்பில் ஒன்பது பேர் நின்றார்கள். கைகாட்டினார்கள். பள்ளிக்கூடப் பை மாட்டிய ஒரு பெண் ரோட்டில் இறங்கினாள். பஸ் அவள்மேல் ஏறிப் போனது. நிற்கக்கூட இல்லை.

“கண்ணுல கோளாறு இல்ல. மூளைதான் இடது பக்கத்தக் கவனிக்க மறந்துடுது. பழக்கினா திரும்ப வரும், ஆனா நாளாகும். அதுவரைக்கும் வண்டியத் தொடக்கூடாதுங்க.”

பஸ்ஸுக்கு இடது பக்கம்தானே படிக்கட்டு! ஊர் ஜனம் மொத்தமும் ஏறி இறங்குகிற பக்கம். பஸ்ஸை விடுங்கள், இன்று காலை ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரை ஓட்டி வந்ததே அவர்தான். பின்னால் மனைவி அழகம்மாள். காவிரிப் பாலத்தில் யாரோ கத்தியது இப்போது ஞாபகம் வந்தது.

வெளியே வந்ததும் மனைவியிடம் அதைத்தான் முதலில் கேட்டார்.

“பாலத்துல யாரு கத்துனா?”

“பூக்கூடைக்காரம்மாங்க. நம்ம வண்டி இடிச்சுக் கூடையோட விழுந்துச்சு.”

“உசுருக்கு ஒண்ணுமில்லியே?”

“முட்டியப் புடிச்சுக்கிட்டு உக்காந்துச்சு. நிறுத்தச் சொல்லித் தோளத் தட்டிக்கிட்டே வந்தேன். நீங்க திரும்பவே இல்ல. ஏதோ கோவம்னு நெனச்சேன்.”

“எந்தத் தோள்?”

“இடது தோள்.”

தட்டில் தினமும் இடது பாதிச் சோறு மிஞ்சுவதை வாய்க்கு ருசியில்லை என்று நினைத்தவள் அவள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். பாவி, அந்தம்மா பஸ்ஸுக்கு அடியில் போயிருந்தால்? பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து மனைவியிடம் கொடுக்க நீட்டினார். யாரும் வாங்கவில்லை. எதிரே வெறும் சுவர்.

“அழகு, எங்க போன?”

“இங்கதான நிக்கிறேன். உங்க கையப் புடிச்சுக்கிட்டுத்தான நிக்கிறேன்.”

கழுத்தைத் திருப்பினார். இன்னும் திருப்பினார். அவருடைய இடது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தபடி அவள் நின்றுகொண்டிருந்தாள். ஆட்டோ வந்து ஹாரன் அடித்தும் அவர் நகரவில்லை. கண்ணை எடுத்தால் அவள் இல்லாமல் போய்விடுவாளே என்று பயந்து, கழுத்து வலிக்க அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.