சேராங்கொட்டைப் பரீட்சை

பாலுசேரியில் சோயிக்குட்டி வைத்தியரின் மகள் சௌதாமினியைக் கட்டிக்கொள்ள அழகு வேண்டாம், ஆஸ்தி வேண்டாம், ஜாதகம்கூட வேண்டாம். சேராங்கொட்டைக்கு அசையாத தோல் இருந்தால் போதும்.

வைத்தியரின் லேகியத்துக்கு உயிரே அந்தக் கொட்டைதான். சுத்தி செய்யாமல் தொட்டவன் உயிரை வாங்குவதும் அதுதான். கொட்டையின் மூக்கை நறுக்கி, செங்கல் பொடியோடு சாக்கில் கட்டி, உள்ளிருக்கும் கறுப்பு எண்ணெயைச் செங்கல் முழுக்கக் குடிக்கும்வரை தேய்க்க வேண்டும். பட்ட இடம் கொப்பளிக்கும். பெண் பார்க்க வந்த கொயிலாண்டி வாத்தியார் ஒருவர், சாக்கை எட்ட நின்று பார்த்ததற்கே பலாப்பழமாக வீங்கிப்போனார். திரும்பும் பஸ்ஸில் அவருக்கு இரண்டு டிக்கெட் கிழித்தார்கள்.

சௌதாமினிக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. வருஷா வருஷம் தேய்ப்பவள் அவள்தான். அவள் போய்விட்டால் யார் தேய்ப்பது என்ற பயத்தில்தான் சாக்கைத் தேய்த்துவிட்டு மறுநாள் கொப்பளிக்காமல் வந்து நிற்க வேண்டும் என்று அச்சன் இப்படியொரு பரீட்சையை வைத்திருக்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் புஷ்பாங்கதன் தேறியாக வேண்டும். அவனை விட்டால் வேறு எவனுக்கும் கழுத்தை நீட்டுவதாக அவள் இல்லை.

புஷ்பாங்கதன் ஆளுக்கு ஏழு பேராக ஆடும் செவன்ஸ் கால்பந்தாட்டத்தில் கோல்கீப்பர். அவன் பாய்ந்தால் மைதானத்து ஓரத் தென்னைகள் ஒதுங்கி வழிவிடும். பரீட்சைக்கும் கையுறையோடு வந்து நின்றான்.

"அதென்னடா கையில?" என்றார் வைத்தியர்.

"க்ளவுஸ், வைத்தியரே."

"இங்க யாரு உனக்குப் பெனால்ட்டி அடிக்கப் போறா? கழட்டு!"

கழற்றினான். சௌதாமினி அவன் கைகளுக்குத் தேங்காயெண்ணெய் பூசினாள். பூச வேண்டியதைப் பூசிய பிறகும் பூசினாள்.

"போதும் மோளே, அவனைப் பொரிக்கவா போறோம்?" என்று அச்சன் கனைத்தார்.

புஷ்பாங்கதன் சாக்கைப் பச்சைப் பிள்ளையைப்போல் எடுத்து மெதுவாக உருட்டினான். வைத்தியருக்குக் கால் பரபரத்தது.

"டேய், தாலாட்டா பாடறே? அமுக்குடா!"

"அமுக்கிட்டுதானே இருக்கேன்."

"இதுக்குப் பேரு அமுக்கறதா? செங்கல்லுக்கே தூக்கம் வருதுடா!"

"அச்சா, தள்ளி நில்லுங்க," என்றாள் சௌதாமினி.

கண்ணெதிரே மருந்து கெடுவதைப் பார்த்துக்கொண்டு எந்த வைத்தியர் தள்ளி நிற்பார்? ஒரே பாய்ச்சல். சாக்கைப் பிடுங்கி, "இப்படி! இப்படிடா கழுதை!" என்று அவர் தேய்த்த தேய்ப்பில் செங்கல் தூள் கிளம்பி, பாலுசேரிக் காக்கைகளெல்லாம் சிவந்துபோயின. வேர்த்த முகத்தை அதே கையால் வழித்தார். சட்டென்று அப்படியே நின்றார். சாக்கைக் கீழே போட்டுவிட்டுக் குளத்தைப் பார்த்து ஓடினார்.

மறுநாள் காலை புஷ்பாங்கதன் உரித்த நேந்திரம்பழம்போல் பளபளவென்று வந்து நின்றான். ஒரு பரு கிடையாது. வைத்தியரின் அறைக் கதவோ திறக்கவில்லை.

"அச்சா, வந்து பாருங்க. தேறிட்டார்!"

"உள்ள யாரும் இல்ல!" என்றது குரல்.

கதவைத் தள்ளிக்கொண்டு போனால், அறையில் பாதி முகமாகவே இருந்தது. கண்கள் இரண்டும் உப்பிய உண்ணியப்பங்கள்.

"உங்களுக்கே ஆகாதா அச்சா? இத்தனை வருஷமா சொல்லவே இல்லியே!"

"வைத்தியன் இதை வெளிய சொல்லுவானாடி?"

கொட்டை காய்க்கும் சேர் மரம் கோபித்து வீங்க வைத்தால் தான்றி மரத்தைச் சுற்றிக் கும்பிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். அதற்கப்புறம்தான் தான்றிப்பட்டைத் தண்ணீரில் குளியல். நடுவில் நின்றால் வீக்கம் வயிற்றுக்கு இறங்கிவிடும் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் வேறு பயமுறுத்தினார்கள். கண் தெரியாத வைத்தியரை ஒரு பக்கம் மகளும் மறு பக்கம் புஷ்பாங்கதனும் பிடித்துத் தான்றியைச் சுற்றி நடத்தினார்கள். பின்னால் ஊரே திரண்டது. ஜோடியைப் பார்த்த குஷியில் பெண்கள் குரவையிட்டார்கள்.

"எதுக்கு இவளுங்க குரவை போடறாளுங்க? யாருக்குக் கல்யாணம்?"

"எங்களுக்குத்தான்."

"நான் இன்னும் சம்மதிக்கலை! நீ போயிட்டா சாக்கை யாருடி தேய்க்கறது?"

"ரெண்டு தெரு தள்ளித்தானே போறேன்? இனிமே நாங்க ரெண்டு பேரா வந்து தேய்ப்போம். அதுவும் வேண்டாம்னா இங்கேயே விட்டுட்டுப் போறோம். மிச்சத்தை நீங்களே தடவித் தடவிச் சுத்துங்க."

இருவரும் நின்றார்கள். பின்னால் வந்த ஊரும் நின்றது. வைத்தியர் காற்றில் துழாவி, கையில் சிக்கிய கோல்கீப்பரின் மணிக்கட்டை உடும்புப் பிடியாகப் பிடித்தார்.

"நிக்காதே, நட மருமகனே! அரிப்புத் தாங்கலை!"