மூன்றாவது கதையின் கைகள்

படத்தின் இரண்டாவது கதை பாதி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் நதியா தன் அண்ணனைப் பார்த்தாள். சின்னராஜ் வாசல் திரையை விலக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்து சுவரோரம் சாய்ந்து நின்றான்.

அவன் வர முடியாத நாள் பார்த்துத்தான் தான் எடுத்த படத்தின் திரையிடலையே அவள் வைத்திருந்தாள். ஜமுனாமரத்தூரில் சந்தை கூடுகிற நாளில் அவன் காலையிலேயே பலாவும் புளியும் வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு மலை இறங்கிவிடுவான். திரும்பி வர இருட்டிவிடும். சந்தைக்கு வந்த சனம் மத்தியானம் படத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும், அண்ணனுக்கு வெறும் சேதியாக மட்டும் போய்ச் சேரட்டும் என்று கணக்குப் போட்டிருந்தாள். அந்தப் பாழாய்ப்போன வண்டி இன்றைக்கென்று பார்த்து மண்டபத்துக்குக் கீழே முதல் வளைவிலேயே படுத்துக்கொள்ளும் என்று அவள் கண்டாளா?

அண்ணன் படம் பார்த்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகத்தான் செய்யும். இரண்டு வருஷத்துக்கு முன், மாமன் மகனுக்கு நிச்சயம் பண்ணியிருந்த அக்கா ஷோபனா, கீழே செல்போன் கடை வைத்திருந்த ரமேஷோடு போய்விட்டாள். ஊர்க்கூட்டத்தில் தலைகுனிந்து நின்றவன் சின்னராஜ்தான். "எங்க கீறான்னு மட்டும் தெரியட்டும். அவன் காலு அவனுக்கு இல்ல. அவள இஸ்துகினு வர்றேன்" என்று அன்றைக்குச் சொன்னான். வாய்ச்சவடால் பேர்வழி என்றால் விட்டுவிடலாம். கண்ணமங்கலத்தில் யாரோ அவர்களைப் பார்த்ததாகச் சொன்னதும் இரும்புக் கம்பியோடு போய், ரமேஷின் சிநேகிதன் கையை முறித்துவிட்டு வந்தவன் அவன். இப்போது படவேட்டுப் பக்கம் ஒரு கரும்புத்தோட்டத்து வீட்டில் அவர்கள் குடியிருப்பது நதியாவுக்கு மட்டும்தான் தெரியும். அம்மா பாஞ்சாலியிடம்கூட அவள் சொல்லவில்லை. அம்மாவும் கேட்டதில்லை.

படத்தில் மூன்று தனிக்கதைகள். சந்தையில் ஆட்டைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற நீலாவதி ஒன்று. மலை பஸ் கண்டக்டர் காசி ஒன்று. மலைக்காரர்கள் கீழே இருக்கிற சொந்தக்காரர்களுக்கு மூட்டை கொடுத்தனுப்பினால், அதை மறக்காமல் அந்தந்த இடத்தில் இறக்கிவைக்கிற மனுஷன் அவர். மூன்றாவது கதையில் முகமே இல்லை. மந்தாரை இலை தைக்கிற இரண்டு கைகள் மட்டும்.

அந்தக் கைகள் ஷோபனாவுடையவை. "நானும் உன் படத்துல இருக்கணும்டி. மூஞ்சி வேணாம், கை மட்டும் எடுத்துக்கோ" என்று போனில் கேட்டிருந்தாள். எப்படி மறுப்பது? போன மாதம் நதியா போய் எடுத்துவந்தாள். அக்கா மடி நிறைய இலையைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவேயில்லை. சுவர் தெரியவில்லை, வாசல் தெரியவில்லை. கையைப் பார்த்து எவன் ஊரைச் சொல்லப்போகிறான் என்ற தைரியம்தான்.

கெட்டது எல்லாம் காட்சிகளைக் கோத்த இடத்தில். கண்ணமங்கலத்தில் கல்யாண வீடியோ எடுக்கிற மோகனின் கம்ப்யூட்டரில் வைத்துப் பார்த்தபோது, மூன்று கதையும் ஒட்டாமல் மூன்று மூலையில் நின்றன. நதியாவுக்கு ஒரு யோசனை வந்தது. நீலாவதி காசியிடம் ஒரு மூட்டை கொடுக்கட்டும். காசி அதை ஒரு வளைவில் இறக்கட்டும். அடுத்த காட்சியில் அந்தக் கைகள் மூட்டையில் வந்த இலையைத் தைக்கட்டும். அக்காவைப் படமெடுக்கப் போன அன்று காசியின் பஸ்ஸில்தான் போனாள். அவர் மூட்டை இறக்குவதையும், இன்னொரு நடை மிச்சம் என்று, அக்கா வீட்டுக்கு இறங்குகிற அதே நிறுத்தத்தில் எடுத்துவைத்திருந்தாள். பின்னால் ரோஸ் நிறச் சுவர் வைத்த பால் சொசைட்டி. மூன்றையும் கோத்து முடித்தபோது அவள் மோகனின் முதுகில் தட்டிக் குதித்தாள். தனித்தனியாக இருந்தவரை வாய் திறக்காத காட்சிகள், சேர்ந்ததும் முகவரி சொல்ல ஆரம்பித்துவிட்டன என்பது அந்தப் புத்திசாலிக்கு உறைக்கவில்லை. அண்ணன் தலையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அந்த ரோட்டில் வாரம் தவறாமல் வண்டி ஓட்டுகிறவன் அவன்.

திரையில் நீலாவதி கொடுத்த மூட்டையோடு காசியின் பஸ் கிளம்பியது. சனம் கைதட்டியது. நதியா தரையில் உட்கார்ந்திருந்தவர்களின் காலை மிதித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

"மோகன், நிறுத்து."

"இன்னாத்துக்கு? நல்லாத்தான போய்னு கீது."

"அடுத்தத தாண்டிப் போ. கை வர்றது வேணாம்."

"வெளையாடுறியா? அதான் முக்கியமான எடம்" என்றான் மோகன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவள் குனிந்து ஒயரைத் தேடினாள். நாலு ஒயர் பின்னிக் கிடந்தன. அவள் கைக்கு அகப்பட்டது மின்விசிறியுடையது. மண்டபத்தில் காற்று நின்றதே தவிர படம் நிற்கவில்லை.

பஸ் வளைவில் நின்றது. காசி மூட்டையை இறக்கினார். ரோஸ் நிறச் சுவர். அடுத்து, கைகள்.

கைகள் இலையோடு இலை சேர்த்து ஈர்க்கைச் செருகின. மலையில் எல்லோரும் தைத்து முடித்ததும் மிச்ச ஈர்க்கை ஒடித்துப் போடுவார்கள். பாஞ்சாலி பிறந்த வீட்டில் மட்டும் ஒடிப்பதில்லை. நுனியை மடக்கி உள்ளேயே செருகிவிடுவார்கள். திரையில் அந்த விரல்கள் ஈர்க்கை மடக்கி உள்ளே செருகின.

"நிறுத்துங்க" என்றான் சின்னராஜ். குரல் பெரிதாக இல்லை. ஆனாலும் மோகன் நிறுத்திவிட்டான். நதியா கெஞ்சியபோது நிற்காத படம் அவன் ஒரு வார்த்தைக்கு நின்றது. திரையில் இரண்டு கைகள் அப்படியே உறைந்து நின்றன.

"யாரு கை அது?"

அண்ணன் நதியாவைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு அடியாக வந்தான். "உன்னத்தான் கேக்கறேன். யாரு கை?"

"என் கை."

எல்லோரும் திரும்பினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து பாஞ்சாலி எழுந்து நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி சாவகாசமாக நின்றாள்.

"நம்ம வூட்டு அடுப்பாண்ட ஒக்கார வெச்சுதான் எடுத்தா. உனக்கு இன்னாடா அதுல?"

"பால் சொசைட்டியாண்ட பஸ் நிக்குது. அடுத்தாப்புல கை வருது. அது உன் வூட்டு அடுப்பா?"

"ஏன்டா, படம்னா இன்னான்னு தெரியாதா உனக்கு? எங்கெங்கியோ எடுத்தத ஒண்ணா சேத்து ஒட்டறதுதான். நீலாவதி ஆடு தொலைச்சாளாமே. அவகிட்ட ஆடே கெடையாது."

யாரோ சிரித்தார்கள். நீலாவதியும் சிரித்தாள். சின்னராஜ் சிரிக்கவில்லை. "அது சின்ன வயசுக் கை" என்றான்.

"மோகன் கல்யாண வீடியோவுல கெழவியக்கூட கொமரியா காட்டலியா? இன்னா மோகன்?"

"ஆமாங்க, கலர் கொஞ்சம் ஏத்திட்டேங்க" என்றான் மோகன். அவன் எதற்குத் தலையாட்டுகிறான் என்று அவனுக்கே தெரியாது. நதியாவுக்கு அவன் காலில் விழலாம் போலிருந்தது.

சின்னராஜ் ஓரத்து மேசைக்குப் போனான். சுண்டல் கொடுக்க வைத்திருந்த மந்தாரை இலைக்கட்டிலிருந்து ஒரு கொத்து உருவி, ஈர்க்கோடு அம்மாவின் முன்னால் போட்டான். "தை பாக்கலாம்."

ஷோபனா போன நாளிலிருந்து அம்மா இலை தைத்ததில்லை. வீட்டில் அது எல்லோருக்கும் தெரியும். மின்விசிறி இல்லாத மண்டபத்தில் அத்தனை பேருக்கும் வியர்த்துக் கொட்டியது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

அம்மா சம்மணமிட்டு உட்கார்ந்தாள். முதல் தையலிலேயே இலை கிழிந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்தாள். இரண்டாவது இலை கிழியவில்லை. சுற்றி வந்து முடித்து, ஈர்க்கின் நுனியை மடக்கி உள்ளே செருகி, இலையை மகனிடம் நீட்டினாள்.

சின்னராஜ் இலையைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். இத்தனை பேர் முன்னால் அம்மாவின் முகத்தைப் பார்த்து இனி என்ன சொல்வது? "சாயந்திரம் வூட்ல பேசிக்கலாம். வண்டிய மொதல்ல பாக்கறேன்" என்று இலையைக் கீழே போட்டுவிட்டு வெளியே போனான்.

படம் மறுபடி ஓடியது. நதியா அம்மாவைக் கைப்பிடித்து மண்டபத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிவந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள்.

"அழுவறதுக்கு நேரமில்ல" என்றாள் அம்மா. "அவன் நம்பல. சபையில என்னப் பொய்க்காரின்னு சொல்ல வாய் வரல, அவ்ளோதான். வண்டி ரெடியானா நேரா அங்கதான் போவான். அவங்கள இப்பவே வேற எங்கியாவது போவச் சொல்லு."

"சரிம்மா. ரமேஷ் மாமாகிட்ட பைக் கீது, உடனே..."

"பைக்கு வேணாம். பஸ்ல கூட்டினு போவச் சொல்லு."

"ஏம்மா?"

"அவ வெரலப் பாக்கலியா நீ? வீங்கினு கீது. உங்க மூணு பேரும் வயித்துல இருந்தப்ப எனக்கும் அப்பிடித்தான் வீங்கும். அஞ்சு மாசமாவது இருக்கும்."

நதியா அந்தக் கைகளை மோகனின் கம்ப்யூட்டரில் எத்தனை தடவை நிறுத்தி, பெரிதாக்கி, மெதுவாக்கிப் பார்த்திருப்பாள். மடி நிறைய இலையோடு அக்கா எழுந்திருக்காமலே இருந்தது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அதைச் சொல்வதற்குத்தான் வரச் சொன்னாளோ என்னவோ. இவள் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள்.

போனை எடுத்து நம்பரை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ரோட்டுப் பக்கம் சின்னராஜின் வண்டி இருமி இருமிக் கிளம்பப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"சொல்லுடி" என்றது ஷோபனாவின் குரல்.

அம்மா போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். இரண்டு வருஷமாகச் சேர்த்துவைத்தது எவ்வளவோ இருந்திருக்கும்.

"கெளம்பு" என்றாள்.