மெத்தைக்கடைக்காரர் அழுத படம்

1

இந்தக் கதை ஒரு தியேட்டர் கழிப்பறையில் பிறந்தது. (இதயம், கனவு, ஆற்றங்கரை போன்ற வசதியான பிறப்பிடங்களை மற்ற எழுத்தாளர்கள் முன்பே துண்டு போட்டுப் பிடித்துவிட்டார்கள்.) ஓர் இந்தியப் படம். பையன் ஒரு மதம், பெண் இன்னொரு மதம், நடுவில் ஒரு கலவரம், கூடவே எட்டுப் பாட்டு. படம் முடிந்ததும் ஆண்கள் கூட்டமாக முகம் கழுவ வந்தார்கள். யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு விக்கி விக்கி அழுதார்.

அவரை மெத்தைக்கடைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வைத்திருப்பதும் மெத்தைக்கடைதான் என்பதால் சிரமம் இருக்காது.

2

முதல் காட்சியை இப்படித் தொடங்கினேன்:

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. வானமும் அவரோடு சேர்ந்து—

பொய். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில்.

மதங்கள் மனிதர்களைப் பிரிக்கின்றன. காதலோ—

இதை எழுதிய பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஆகவே அலங்காரம் இல்லாமல் சொல்கிறேன். தியேட்டர் வாசலில் ஒரு பெண் மைக்கை நீட்டி, வருகிறவர்களிடம் படம் எப்படி என்று கேட்டு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். மெத்தைக்கடைக்காரர் ஈர முகத்தோடு நின்று பேசினார்.

"மதம் என்னங்க மதம். பொண்ணு மனசு நோகாம இருக்கணும். கடைசியில அந்த அப்பா, தெரு எரியுது, நடுவுல நடந்து போயி பொண்ணு கையப் புடிச்சு அந்தப் பையன் கையில குடுத்தாரு பாருங்க. அவருதாங்க அப்பா. நானும் ஒரு பொண்ணப் பெத்தவன்..."

மைக்கின் முன்னாலேயே மறுபடி அழுதார். வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. வாடிக்கையாளர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கடை டிவியில் அதுவரை ஒரு குண்டு மனிதர் குறட்டை விடும் மெத்தை விளம்பரம் ஓடியது. அதை நிறுத்திவிட்டு இதை ஓடவிட்டார். கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை அவரே அழுதுகொண்டிருந்தார், அவருக்குப் பின்னாலேயே.

3

இனி மகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். அழுகிற குழந்தைக்கும் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாள். அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே எடுப்பவனை விரும்புகிறாள். அவன் வேறு மதம்.

(எது எந்த மதம் என்று கேட்பீர்கள். சொல்லமாட்டேன். சொன்ன அடுத்த நொடி யார் பக்கம் நிற்பது என்று முடிவு செய்துவிட்டு, மிச்சக் கதையைச் சும்மா புரட்டுவீர்கள்.)

இவள்மேல்தான் எனக்குச் சந்தேகம். இவ்வளவு கெட்டிக்காரி ஒரு சினிமா விமர்சனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வாளா? ஒரு வரைவில் அவளை இன்னும் சூட்டிகையாக மாற்றிப் பார்த்தேன். அவள் வாயே திறக்கவில்லை, கதையும் திறக்கவில்லை. பிறகு புரிந்தது. காத்துக் கிடப்பவளுக்குக் கதவு காற்றில் ஆடினாலும் திறந்த மாதிரித்தான் தெரியும்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா பேசுனதப் பாத்தியாம்மா?"

"பாத்தேன். அக்கம்பக்கத்துல எல்லாரும் கொண்டுவந்து காட்டுறாங்களே. சட்டைய இஸ்திரி போட்டுக் குடுத்திருக்கலாம், கசங்கிப்போயி நிக்கிறாரு."

"மனசுல இல்லாம அப்படி அழ முடியுமா?"

அம்மா ஒரு தலையணை உறையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். எக்ஸ்ரேக்காரன் விஷயம் அவளுக்குத் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

"உங்கப்பா பொய்யா அழத் தெரியாதவருடி," என்றாள்.

உண்மைதான். அதுதான் இந்தக் கதையின் கேடு. அவர் நடித்திருந்தால் மகள் என்றோ கண்டுபிடித்திருப்பாள்.

4

சனிக்கிழமை மாலை மகளும் எக்ஸ்ரேக்காரனும் கடைக்குப் போனார்கள். வீட்டைவிடக் கடை நல்லது என்று அவள்தான் சொன்னாள். அங்கேதான் அப்பா டிவியில் நாள் முழுக்க நல்லவராக ஓடிக்கொண்டிருந்தார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். யார் வந்தாலும் மெத்தையில் ஒரு வெள்ளை விரிப்பைப் போட்டுப் படுக்கச் சொல்வார். படுத்துப் பார்க்காமல் வாங்க விடமாட்டார்.

"வாங்க தம்பி. கூச்சப்படாம படுங்க. முதுகு என்ன சொல்லுதுன்னு கேளுங்க."

எக்ஸ்ரேக்காரன் படுத்துவிட்டான். மறுக்கத் தெரியாத சுபாவம். மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வாம்மா, நீ எங்க இந்தப் பக்கம்?"

"அப்பா, இவரு மெத்தை வாங்க வரல. என்கூட வேல பாக்குறாரு. இவரத்தான் கட்டிக்கணும்னு இருக்கேன்."

அவன் பதறி எழுந்து உட்கார்ந்தான். மெத்தைக்கடைக்காரர் சிரித்த முகம் மாறாமல் பெயர் கேட்டார். அவன் சொன்னான். பெயர் போதுமானதாக இருந்தது. டிவியில் அவர், மதம் என்னங்க மதம் என்றார். ரிமோட்டை எடுத்து நிறுத்தினார்.

"அது படம்மா," என்றார் மெதுவாக. "அந்தப் பொண்ணு எவனோ பெத்தது."

"நீங்கதானப்பா சொன்னீங்க, அவருதான் அப்பான்னு."

"சொன்னேன். நல்ல படம். இப்பவும் சொல்லுவேன்." பிறகு அவனிடம், குரல் உயராமல், "எந்திரிங்க தம்பி. கடைய சாத்தணும்."

அவன் எழுந்தான். வழக்கமாக விரிப்புகள் எல்லாம் வாரக்கடைசியில் சலவைக்குப் போகும். அவர் அந்த ஒன்றை மட்டும் இரண்டு விரலால் பிடித்து உருவி, குப்பைத்தொட்டியில் போட்டார். எக்ஸ்ரேக்காரன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி, தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றான்.

"நீ வீட்டுக்குப் போ. செல்போன உங்கம்மாகிட்ட குடுத்துடு. திங்கக்கெழமையிலிருந்து வேலைக்குப் போக வேணாம். உங்க பெரியப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

5

முடிவுகளுக்கு வருவோம்.

(அ) அப்பா தெருவில் ஓடிப்போய் அவன் கையைப் பிடிக்கிறார். நீங்கள் விரும்புவது இதுதான். இதைத்தான் அவரும் விரும்பினார், காசு கொடுத்து, இருட்டில்.

(ஆ) அவள் வீட்டுக்குப் போகிறாள். பெரியப்பா வருகிறார். சீக்கிரமே ஒரு கல்யாணம், சொந்த மதத்தில். மெத்தை அப்பாவின் கடையிலிருந்து. இதை எழுதிவிட்டேன், தாள் மேசையில்தான் கிடக்கிறது. எந்தத் தடங்கலும் இல்லாமல் கை ஓடியதுதான் பயமாக இருக்கிறது.

(இ) அவள் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போகிறாள். அதன்பிறகு—

இங்கேதான் நிற்கிறேன். அவள் கடைவாசலில் நிற்கிறாள், போன் இன்னும் கையில் இருக்கிறது. அவன் வீட்டிலும் பெயர் கேட்பார்கள். பெரியப்பா ஆட்களோடு கிளம்பிவிடுவார். படத்தில் இந்த இடத்தில் ஒரு பாட்டு வந்து இருவரையும் வேறு ஊருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். என்னிடம் பாட்டு இல்லை.

நீங்கள் அவளைத் தெருவைக் கடக்க வைக்கலாம், நான் தடுக்கமாட்டேன். ஆனால் அதற்குமுன் உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். இரண்டு பேர் தங்க ஓர் அறை இருக்கிறதா, தேடி வருகிறவர்களிடம் 'இங்கே யாரும் இல்லை' என்று சொல்ல ஆள் இருக்கிறதா என்று பாருங்கள்.

பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அவள் நிற்கிறாள்.