சூட்டுக்குத் தக்க சத்தம்

நகத்தால் டேப்பின் ஓரத்தைச் சுரண்டி, கம்ப்யூட்டரின் சூட்டை அளக்கும், மிளகளவே இருந்த அந்த சென்சாரைப் பிய்த்தெடுத்தபோது, தான் ஒரு திருடன் என்பதில் எடிட்டருக்குச் சந்தேகமே இல்லை. சொந்த வீட்டில், சொந்தக் கம்ப்யூட்டருக்குள் கைவிட்டு, சொந்த மனைவியின் பேச்சைத் திருடப் பார்க்கிற திருடன். இந்த மாதிரிக் கேஸைப் பிடிக்கப் போலீஸ்கூட வராது.

கம்பெனிகளுக்குப் பயிற்சி வீடியோ வெட்டி ஒட்டுவது அவர் பிழைப்பு. ஏணியில் எப்படி ஏறுவது, ஏறினால் எப்படி விழாமல் இருப்பது போன்ற உலகப் புகழ் பெறாத படங்கள். அவருடைய கம்ப்யூட்டரின் ஃபேன் காலை முதல் மாவு மில் போல அலறிக்கொண்டிருக்கும். அடுத்த அறையிலிருந்து மனைவி, "ஏங்க, உங்க விமானம் எப்பங்க கிளம்பும்?" என்று கேட்காத நாள் குறைவு. அவளுக்காகத்தான் ஃபேன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு கண்ட்ரோலரையே வாங்கினார். "சூட்டுக்குத் தக்க சுத்தும் சார். வேலை இல்லேன்னா பூனை மாதிரி கிடக்கும்" என்றார் கடைக்காரர். அதன் சென்சாரை பிராசசர் மேலுள்ள அலுமினியத் தகடுகளில் டேப்பால் ஒட்டி, மாட்டி முடித்து, நிசப்தத்தைப் பரிசாக நீட்டுவதுபோல் மனைவியை அழைத்துக் காட்டினார். அவள் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். "ரொம்ப அமைதியா இருக்குல்ல?" என்றாள். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். மோசமான ரிப்போர்ட்டை நீட்டும்போதும் இதே குரலில்தான் பேசுவாள்.

அங்கே விழுந்தது முதல் முடிச்சு.

பிறகுதான் கவனித்தார். வீடியோ ஓட ஆரம்பித்து, பிராசசர் சூடேறி, ஃபேன் சுதி ஏற்றினால், மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய போன் பேச்சும் தொடங்கும். சூடு தணிந்து ஃபேன் அடங்கினால் பேச்சும் கத்தரித்தாற்போல் நிற்கும். "போன்ல யாரு?" என்றால் "அக்கா". "என்னவாம்?" என்றால் "சும்மாதான்". அக்காவும் தங்கையும் ஆயிரம் பேசுவார்கள். ஆனால் சும்மா பேசுகிறவர்களுக்கு மில் சத்தம் எதற்கு? என்றோ முடித்துக் கொடுத்த ஏணிப் படத்தை வேண்டுமென்றே மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். ஃபேன் ஏறியது. குரல் கேட்டது. அன்றே யாரோ ஒருவன் இருக்கிறான் என்று மனசு ஒரு படத்தை வெட்டி ஒட்ட ஆரம்பித்தது. தொழில் பழக்கம் பாருங்கள், பின்னணி இசைகூடச் சேர்த்துவிட்டது.

இன்று விடுமுறை மதியம். ஏணிப் படம் ஓடுகிறது, குரல் நடக்கிறது, சென்சார் பிடுங்கப்பட்டுவிட்டது. வெறுங்காற்றில் தொங்கிய அந்த மிளகு, எல்லாம் குளிர்ந்துவிட்டதாக நம்பியது. ஃபேன் இறங்கியது, இன்னும் இறங்கியது. உள்ளே பிராசசர் வெந்துகொண்டிருக்க, அவர் சுவரில் காதை வைத்தார்.

"...வர்றேன்னு சொல்லிட்டேன்க்கா. அடுத்த மாசம் உங்க ஊர் லேப்ல வேலைக்குச் சேரணும். உன் வீட்லயே தங்கிக்கறேன். இவர்கிட்டதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எதைச் சொன்னாலும் ஜோக்கடிச்சுச் சிரிக்க வச்சு அனுப்பிடுவாரு. சிரிச்சுட்டு வந்து சமையல்கட்டுல நின்னா, சொல்ல வந்தது அப்படியே கையில இருக்கும். நான் வாய்விட்டுப் பேசணும்னா அவர் கம்ப்யூட்டர் சூடாகணும்க்கா இந்த வீட்ல..."

சட்டென்று நின்றது. ஃபேன் அடங்கியது அவளுக்கும் கேட்டுவிட்டது.

எடிட்டர் பதறிப்போய் சென்சாரை அலுமினியத் தகடுகள்மேல் ஒட்டப் பார்த்தார். டேப்பில் பசை போயிருந்தது. ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்தார். சுரீர் என்றது. விடவில்லை. ஃபேன் முனகிக்கொண்டு எழுந்தது.

நாற்காலி நகரும் ஓசை. வாசலில் அவள். பக்கவாட்டுத் தகடு கழற்றிக் கிடந்த பெட்டியையும், அதற்குள் போயிருந்த அவர் கையையும் பார்த்தாள்.

"வேலை முடிஞ்சிடுச்சா?"

"இல்ல. இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். நீ பேசு."

"அக்கா போனை வச்சுட்டா."

ஒரு நல்ல ஜோக் நாக்கு நுனிவரை வந்தது. உண்மையிலேயே நல்ல ஜோக். அவர் அதை மென்று விழுங்கினார்.

"ஃபேன் ஓடிட்டுத்தான் இருக்கு" என்றார்.

அவள் துணி குவிந்து கிடந்த ஸ்டூலைக் காலி செய்து, பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவருடைய விரல் நுனி சிவந்துகொண்டிருந்தது. ஃபேனின் இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணிலிருந்து மறைந்து, மங்கலான ஒரு வட்டமாயின. அவள் அவரைப் பார்க்காமல் அந்த வட்டத்தையே பார்த்தபடி, அது முழு வேகத்துக்கு வரட்டும் என்று காத்திருந்தாள்.