மூன்று சொல்லும் அதிகாரி

எங்கள் மருத்துவமனையில் மூன்று என்ற எண்ணைச் சொல்ல ஒரே ஒருவருக்குத்தான் அதிகாரம் உண்டு. அவர் வாரத்தில் ஒருநாள் வருவார். எந்த நாள் என்பது அவர் வந்த பிறகு தெரியும்.

நடக்க முடியாதவரை விரிப்போடு பிடித்து, ஒன்றில் தூக்கி, இரண்டில் நகர்த்தி, மூன்றில் இறக்க வேண்டும். சென்ற ஆண்டு தூக்கிய இருவரில் ஒருத்தி மூன்று என்னும்போதே இறக்கினாள். மற்றவள் சொல்லி முடியட்டும் என்று இருந்தாள். நோயாளி உருண்டு தரைக்குப் போனார். விசாரணைக் குழு எட்டு மாதம் உட்கார்ந்து, குற்றம் மூன்றின் மேல் என்று கண்டது. நான் முப்பத்தோர் ஆண்டு கணக்கு கற்பித்தவள். எண்ணைத் தண்டிக்கும் மூடர்களை என் கடைசி பெஞ்சில்கூடப் பார்த்ததில்லை.

இன்று எனக்கு டிஸ்சார்ஜ். என் கால்கள் அசைந்து இரண்டு ஆண்டு ஆகிறது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம். கீழே என் தங்கை புனிதவதி ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தாள். நாற்காலி கட்டிலை ஒட்டி நின்றது. பிரேக் போட்டிருந்தது. இடைவெளி ஒரு சாண்.

பணியாளர்கள் சேர்மக்கனியும் எஸ்தரும் விரிப்பின் ஓரங்களை என் உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்தார்கள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கினார்கள். சுவரில் ஒட்டிய படத்தில் அப்படித்தான் இருக்கிறது. படத்தில் நோயாளி சிரிக்கிறாள். அவளை யாரும் தூக்கியதே இல்லை என்பது சிரிப்பில் தெரிகிறது.

ஒன்றுக்கு உயர்ந்தேன். இரண்டுக்கு நகர்ந்தேன். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே, அந்தரத்தில் நிறுத்தினார்கள்.

"மூணு சொல்லேன்டி."

"நாங்க சொல்லப்பிடாது டீச்சர்," என்றாள் சேர்மக்கனி.

"அப்ப நான் சொல்றேன்."

"நோயாளி சொன்னா செல்லாது. போன வாரம் ஒரு அண்ணாச்சி சொன்னாவ. எங்க காதுல விழல."

எழுத்தர் வந்து கட்டில் காலி என்று எழுதினார். அதில் வேறொருத்தியைப் படுக்க வைத்தார்கள். அவள் உடனே குறட்டை விட்டாள். சாப்பாடு வந்தது. கட்டிலில் இருப்பவர்களுக்குக் கஞ்சி, நாற்காலியில் இருப்பவர்களுக்குச் சோறு. அந்தரத்தில் இருப்பவர்களுக்கு என்ன என்று கேட்டுவரப் போன ஆள் திரும்பவில்லை. என்னை ஒரு கையால் பிடித்தாலே போதும் என்று இருவரும் கண்டுகொண்டார்கள். மறு கையால் சாப்பிட்டுக்கொண்டே, எஸ்தரின் நாத்தனார் எடுத்த கல்யாணப் புடவையை என் வயிற்றுக்கு மேலாகப் பழித்தார்கள். புடவை விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி.

ஆட்டோக்காரர் அவசரப்படுத்துகிறார் என்று புனிதவதி நான்கு மாடி ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது. எங்கு போனாலும் முதலில் உட்கார இடம் பார்ப்பவள் அவள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்போது அதிகாரி வந்தார். கையில் தோல்பை. அதில் மூன்று இருக்கும்போல.

"நாற்காலி காலியா?"

"இல்ல சார். ஆனா இவுக..." என்றாள் எஸ்தர்.

"அப்ப இறக்கியாச்சு." அவர் நாற்காலியைப் பார்த்து, "மூன்று," என்றார். உச்சரிப்பு சுமார்தான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஓர் ஆள் பிரேக்கை எடுத்துப் புனிதவதியைத் தள்ளத் தொடங்கினார்.

"எழுந்திரிடி," என்றேன்.

அவள் முயன்றாள். தன் முழங்கால்களை யாரோ மறந்துவிட்டுப் போன பொட்டலங்களைப்போலப் பார்த்தாள்.

"கால் வரல அக்கா. நான் நடந்துதான வந்தேன்."

வாசலைத் தாண்டும்வரை அதையே சொல்லிக்கொண்டு போனாள். சற்று நேரத்தில் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

"டீச்சர், ஒங்களுக்காகக் கீழ வாசல்ல வேற யாரும் நிக்காவளா?" என்றாள் எஸ்தர்.

"இல்ல."

"அப்ப அவசரமில்ல."

இருவரும் என்னை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்கள். தரை கூட்டுபவள் குனிந்து போக வழி வேண்டியிருந்தது.